பழம் வரும் வழி

நமது நாட்டின் நதிகளுக்குப் படம் உண்டு. ரயில் பாதைகளுக்குப் படம் உண்டு. ஒவ்வொரு கிராமத்திலும் சர்வே நம்பரையும் எல்லைக் கல்லையும் காட்டும் புலப்படம் உண்டு. ஆனால் சென்னை வீதியில் தள்ளுவண்டியில் வைத்து விற்கப்படும் ஒரு சீப்பு வாழைப்பழம் எந்த ஊர்த் தோட்டத்தில் வெட்டப்பட்டது, எத்தனை கை மாறிற்று, ஒவ்வொரு கையிலும் எவ்வளவு விலை ஏறிற்று, வழியில் எவ்வளவு அழுகிப் போயிற்று என்பதைக் காட்டும் படம் மட்டும் பொதுஜனங்களின் கையில் இல்லை. உண்பவருக்கும் அது தெரியாது, விளைவித்தவருக்கும் தெரியாது. நடுவே நிற்கும் வியாபாரிகளில் ஒவ்வொருவருக்கும் தமக்கு முன்னே ஒரு படியும் பின்னே ஒரு படியும் தெரியும். அதற்கப்பால் அவர்களுக்கும் இருட்டே.

பழ வியாபாரம் அற்ப விஷயம், அதில் அரசியல் ஊழியர் கவனிக்கத் தக்கது ஒன்றுமில்லை என்று சிலர் நினைக்கக்கூடும். அது தவறு. உலகத்தில் வாழைப்பழம் மிகுதியாக விளையும் தேசம் நம்முடையது, மாம்பழத்திலும் அவ்வாறே. தேனி, திருச்சி, ஈரோடு, தூத்துக்குடி ஜில்லாக்களில் வாழையை நம்பியும், கிருஷ்ணகிரி, சேலம், திண்டுக்கல் ஜில்லாக்களில் மாவை நம்பியும், கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையை நம்பியும், பண்ருட்டியில் பலாவை நம்பியும் வாழும் குடும்பங்கள் ஏராளம். இக்குடும்பங்களின் சுகதுக்கம் யார் கையில் இருக்கிறது? விலையை அறியாதவன் பேரம் பேச முடியாது; வழியை அறியாதவன் விலையை அறிய முடியாது. ஆகவே பழம் வரும் வழியை அறிவது குடியானவனின் உரிமையைச் சேர்ந்த விஷயம்.

நோய் வரைந்த படம்

சென்னையின் பழைய மொத்த வியாபார ஸ்தலம் ஜார்ஜ் டவுனிலுள்ள கொத்தவால் சாவடி. அங்கே நெருக்கடி தாங்காமல், 1996-ஆம் வருஷத்தில் வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. 295 ஏக்கர் நிலத்தில் அமைந்த அந்த வளாகத்தில் காய்கறி, பழம், பூ ஆகிய மூன்றுக்குமாக மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் உண்டாயின. அன்றிலிருந்து வட தமிழ்நாட்டின் வயிற்றுக்கு வாசற்படி கோயம்பேடே எனலாம். நாக்பூர் ஆரஞ்சும், நாசிக் திராட்சையும், சோலாப்பூர் மாதுளையும், காஷ்மீர் ஆப்பிளும், கேரளத்து அன்னாசியும், நமது கிருஷ்ணகிரி மாங்காயும் இரவோடிரவாக அங்கே வந்து இறங்கி, விடிவதற்குள் நாலா திசைகளிலும் பிரிந்து போகின்றன.

அப்படிப் பிரிந்து போகும் வழிகள் எவை என்பது 2020-ஆம் வருஷம் வரையில் பொதுஜனங்களுக்கு விளங்கவில்லை. விளங்க வைத்தது கொரோனா என்னும் கொள்ளைநோய். அந்த வருஷம் ஏப்ரல் மாதக் கடைசியில் கோயம்பேட்டில் நோய் பரவியது. மே மாதம் 5-ஆம் தேதி அங்காடி மூடப்பட்டது. பழமும் பூவும் மாதவரத்துக்கும் காய்கறி திருமழிசைக்கும் சென்றன. ஆனால் அதற்குள் மூட்டை சுமப்பவர்களும், லாரி ஓட்டுபவர்களும், சில்லறை வாங்குபவர்களும் தத்தம் ஊருக்குத் திரும்பிவிட்டனர். கடலூர், விழுப்புரம், அரியலூர் முதலிய ஜில்லாக்களில் நூற்றுக்கணக்கானவர்கள் நோயுற்றனர். சுகாதார உத்தியோகஸ்தர்கள் ஒவ்வொரு நோயாளியையும், "எங்கே போனாய்? யாரிடம் வாங்கினாய்? எந்த வண்டியில் வந்தாய்?" என்று விசாரித்து விசாரித்து, எந்த ஊர் எந்தக் கடையோடு தொடர்புடையது என்பதைக் குறித்துக்கொண்டார்கள்.

வாசகர்கள் இதை ஆலோசிக்க வேண்டும். பழம் எவ்வழியே போகிறது என்று சமாதான காலத்தில் எவரும் கேட்கவில்லை. மரணம் வாசலில் வந்து நின்றபோதுதான் கேட்டோம். அப்போதும் படத்தை வரைந்தது நமது முன்யோசனையன்று; நோயே அதை வரைந்தது. நோய் தணிந்ததும் அந்தக் குறிப்புகளின்மேல் வியாபாரப் படம் ஒன்றை எழுப்ப நாம் முயன்றிருக்க வேண்டும். அந்தச் சந்தர்ப்பத்தை நழுவவிட்டோம்.

நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு பாடம்

இதே போன்ற நெருக்கடி அமெரிக்காவின் நியூயார்க் நகரத்துக்கும் ஒரு சமயம் வந்தது. 1921-ஆம் வருஷம் அக்டோபரில் ரயில்வேத் தொழிலாளர் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்யக்கூடும் என்ற நிலைமை ஏற்பட்டது. ரயில் நின்றால் நகரத்தில் எத்தனை நாளுக்கு உணவிருக்கும் என்று கேட்டபோது நிச்சயமான பதில் கிடைக்கவில்லை. அந்த நகரத்தின் துறைமுக நிர்வாகத்தில் வேலை பார்த்த வால்டர் ஹெட்டன் என்பவர், பெரிய நகரங்களுக்கு உணவு வரும் விதத்தைப் பற்றி ஆராய்ந்து 1929-இல் ஒரு நூலை வெளியிட்டார். நதிக்கு நீர் வந்து சேரும் பிரதேசத்தை நாம் நீர்ப்பிடிப்பு என்கிறோமல்லவா? அதைப் போலவே ஒரு நகரத்துக்கு உணவு வந்து சேரும் பிரதேசத்துக்கும் அவர் ஒரு பெயரிட்டார். உணவுப்பிடிப்பு என்று நாம் அதைத் தமிழில் சொல்லலாம்.

இந்த உவமை மிகவும் பொருத்தமானது. நீர் தாழ்ந்த இடத்தை நாடி ஓடும். பழம் விலையுயர்ந்த இடத்தை நாடி ஓடும். மலை குறுக்கிட்டால் நீர் திரும்பும்; ரஸ்தா கெட்டால் பழம் திரும்பும். ஆனால் ஒரு பேதமுண்டு. நீரைத் தேக்கி வைக்கலாம். பழுத்த பழத்தைத் தேக்க முடியாது. நெல் வைத்திருப்பவன் விலை வரும் வரையில் காத்திருப்பான். மாம்பழம் வைத்திருப்பவனுக்கு நாலு நாளே தவணை. ஆகையால் வழியை அறியாமையால் வரும் நஷ்டம் நெல்லுக்காரனைவிடப் பழக்காரனுக்கே அதிகம்.

கை மாறும் விதம்

கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஒரு மாந்தோப்பை எடுத்துக்கொள்வோம். மரம் பூவிடும் பருவத்திலேயே பல தோப்புகள் மொத்தத் தொகைக்குக் குத்தகை போய்விடுகின்றன. காற்றும் ஆலங்கட்டி மழையும் பூச்சியும் கொண்டு போனது போக மிஞ்சும் காய் குத்தகைதாரருடையது. அவரோ பெரும்பாலும் சொந்தப் பணத்தைக் கொண்டு குத்தகை எடுப்பவரல்லர். மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியவர். முன்பணம் வாங்கினவர் காயை வேறு மண்டிக்குக் கொண்டு போக முடியாது. ஆகவே பழுப்பதற்கு முன்பு, காய்ப்பதற்கும் முன்பு, பூவிலேயே அந்த மாங்காயின் வழி நிச்சயமாகிவிடுகிறது. லாரி பிற்பாடு போகும் ரஸ்தாவைக் கடன் முன்கூட்டியே போட்டுவிடுகிறது.

மண்டிக்கு வந்த சரக்கின்மேல் கமிஷன் ஒன்று. ஏற்றுகூலி, இறக்குகூலி என்று இரண்டு. அடிபட்டது, வெம்பினது என்று கழிவு ஒன்று. அங்கிருந்து சிறு மொத்த வியாபாரி, அவரிடமிருந்து கடைக்காரர் அல்லது தள்ளுவண்டிக்காரர். இவர்களில் கடைசியில் நிற்பவரின் நிலைமையும் பரிதாபமே. விடியற்காலையில் கடனுக்கு எடுத்த சரக்கு மாலைக்குள் விற்காவிட்டால் நஷ்டம் அவர் தலையில் விழுகிறது. வாழையிலும் ஏறக்குறைய இதே கதைதான். தாராக வெட்டி, தாராக எண்ணி, தாராக விலை பேசப்பட்ட பழம் நகரத்தில் சீப்பாகவும், கடைசியில் ஒன்றிரண்டாகவும் விற்கப்படுகிறது. தார் ஒன்றின் விலைக்கும் பழம் ஒன்றின் விலைக்கும் உள்ள சம்பந்தத்தைத் தோட்டக்காரர் கணக்குப் பார்க்க முடியாதபடி அளவே மாறிவிடுகிறது.

இவற்றின் நடுவே காயைக் கனியாக்கும் இடம் ஒன்று உண்டு. கார்பைடு கல்லை வைத்துப் பழுக்க வைப்பது சட்ட விரோதம். எதிலீன் என்னும் வாயுவைப் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேற்படாமல் உபயோகிக்கலாம் என்பது விதி. இருந்தும் ஒவ்வொரு மாம்பழப் பருவத்திலும் அதிகாரிகள் கிடங்குகளைச் சோதித்துக் கார்பைடைக் கைப்பற்றுகிறார்கள். கிடங்கு எங்கே, அதற்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பொதுவான படம் இருந்தால், சோதனை என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்த வேட்டையாக இராமல் ஒழுங்கான காவலாக ஆகும்.

பதினாறணாவில் ஐந்தணா

இவ்வளவு கை மாறியபின் குடியானவருக்கு என்ன மிஞ்சுகிறது? இதைப் பற்றி ரிசர்வ் பாங்கு 2024-ஆம் வருஷம் அக்டோபரில் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை ஒரு கணக்குக் கொடுக்கிறது. உள்நாட்டில் உண்பவர் கொடுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் விளைவித்தவருக்குச் சேர்வது வாழைப்பழத்தில் 31 ரூபாய். திராட்சையில் 35 ரூபாய். மாம்பழத்தில் 43 ரூபாய். ரூபாய்க்குப் பதினாறணா என்ற பழைய கணக்கில் சொன்னால், வாழைத் தோட்டக்காரருக்கு ஐந்தணா; மாந்தோப்புக்காரருக்கு ஏழணாவுக்குச் சற்றுக் குறைவு. உழுது, நட்டு, நீர் பாய்ச்சி, முட்டுக் கொடுத்து, புயலுக்கும் பூச்சிக்கும் அஞ்சி ஒரு வருஷம் காத்திருந்தவருக்கு ஐந்தணா. மற்றப் பதினோரணாவும் வெட்டியதிலிருந்து விற்கும் வரையிலான சில தினங்களைச் சேர்ந்தது.

அந்தப் பதினோரணாவும் கொள்ளை என்று நாம் சொல்லவில்லை. லாரி வாடகையும் கூலியும் கடை வாடகையும் அதிலே அடக்கம். அழுகிப் போவதன் விலையும் அதிலே அடக்கம். லூதியானாவிலுள்ள மத்திய ஆராய்ச்சி ஸ்தாபனம் 2015-இல் வெளியிட்ட அறிக்கையின்படி கொய்யாவில் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பங்கும், மாம்பழத்தில் ஏறக்குறைய 9 பங்கும் அறுவடைக்குப்பின் வீணாகின்றன. ஆனால் அந்தப் பதினோரணாவில் எத்தனை அணா உழைப்புக்கு, எத்தனை அணா அழுகலுக்கு, எத்தனை அணா பிறருடைய அறியாமைக்கு என்று பிரித்துச் சொல்ல இன்று எவராலும் முடியவில்லை. படத்தின் பிரயோஜனம் இதுவே. நியாயமான லாபத்தையும் அநியாயமான லாபத்தையும் அது ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும்.

படமில்லாமல் செய்த காரியங்கள்

வழியை அறியாமல் செய்யும் காரியம் எவ்விதம் முடியும் என்பதற்கு நமது கண்ணெதிரே சில திருஷ்டாந்தங்கள் உள்ளன.

முதலாவது, திருச்சிக்கு அருகிலுள்ள கள்ளிக்குடி. திருச்சி நகரத்திலுள்ள காந்தி மார்க்கெட்டின் நெரிசலைக் குறைக்கும் நோக்கத்துடன், மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாய்ச் செலவில் ஆயிரம் கடைகளோடு காய், கனி, பூ அங்காடி ஒன்று கட்டப்பட்டு 2017-இல் திறக்கப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் காந்தி மார்க்கெட் வியாபாரிகள் அங்கே போக மறுத்துவிட்டார்கள். தூரம் அதிகம், கடைகள் சிறியவை என்றார்கள். கட்டடம் வெகுகாலம் வெறிச்சோடிக் கிடந்தது. ஓர் அங்காடி என்பது சுவரும் கூரையுமன்று. இரவில் லாரி எந்தத் திசையிலிருந்து வருகிறது, விடியற்காலையில் சில்லறை வியாபாரி எப்படி வந்து எப்படித் திரும்புகிறார், யாருக்கு யார் கடன் கொடுத்திருக்கிறார் என்னும் மூன்று கேள்விகளின் விடையே அங்காடி. அந்த விடைகளைப் படமாக வரைந்து பார்த்தபின் இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் இவ்வளவு பணம் வீணாகியிராது என்பது நமது அபிப்பிராயம்.

இரண்டாவது, தோத்தாபுரி மாங்காய். நமது கிருஷ்ணகிரியிலும், கர்நாடகத்தின் கோலார்ப் பக்கத்திலும், ஆந்திரத்தின் சித்தூரிலும் விளைவது இந்த ஒரே ஜாதி. பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் இதை நம்மவர் வழங்குவர். இதன் பெரும்பகுதி கூழாக்கும் ஆலைகளுக்குப் போகிறது. ஜில்லாக்கள் மூன்று, ராஜ்யங்கள் மூன்று. ஆனால் வியாபாரம் ஒன்று. 2025-ஆம் வருஷப் பருவத்தில், பழைய கூழ் விற்காமல் தேங்கியிருக்கையில் புது விளைச்சல் மிகுதியாக வரவே, விலை விழுந்தது. சித்தூர் ஜில்லா அதிகாரிகள் ஜூன் மாதத்தில் வெளி ராஜ்யத்துத் தோத்தாபுரி உள்ளே வரக்கூடாதென்று தடுத்தார்கள். கர்நாடக முதல் மந்திரி ஆட்சேபித்து ஆந்திர முதல் மந்திரிக்குக் கடிதம் எழுதினார். ஆந்திரத்தில் கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் சர்க்கார் 4 ரூபாயும் கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று. கர்நாடகத்தில் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்ற விலையை ஆதாரமாக வைத்து, குறையும் தொகையை ஈடுசெய்ய மத்திய சர்க்கார் இணங்கினர். எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்த குடியானவருக்கு இவையெல்லாம் லாரி வாசலில் நின்றபோதே தெரிய வந்தன.

எந்த ஆலையில் எவ்வளவு கூழ் தேங்கியிருக்கிறது என்ற கணக்கு பிப்ரவரி மாதத்தில் மூன்று ராஜ்யத்துக் குடியானவர்களின் கையிலும் இருந்திருந்தால், ஜூன் மாதத்தில் எல்லையில் சண்டை எதற்கு? குத்தகைத் தொகையை அதற்குத் தக்கபடி பேசியிருக்கலாம். காயில் ஒரு பகுதியைத் தின்னும் பழமாக வேறு சந்தைகளுக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருக்கலாம். ராஜ்ய எல்லையைக் காட்டும் படம் அதிகாரிகளிடம் இருந்தது. வியாபார எல்லையைக் காட்டும் படம் எவரிடமும் இருக்கவில்லை. அதனால் வியாபாரம் ஒன்றாயிருந்த இடத்தில் ராஜ்யங்கள் மூன்றாகப் பிரிந்து நின்றன.

மூன்றாவது, காஷ்மீர். நமது தேசத்தில் விளையும் ஆப்பிளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அங்கே விளைகிறது. அவ்வளவும் வெளியே வருவதற்கு வெகுகாலமாகப் பிரதானமாயிருந்தது ஸ்ரீநகர்–ஜம்மு மலைப்பாதை ஒன்றே. 2025 ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் பெருமழையால் மலை சரிந்து அந்தப் பாதை அடைபட்டது. ஆயிரக்கணக்கான லாரிகள் நின்றன. ஆப்பிள் பெட்டியிலேயே அழுகிற்று. செப்டம்பர் நடுவில் பட்காமிலிருந்து டில்லி ஆதர்ஷ் நகருக்கு ஆப்பிள் ஏற்றும் ரயில் தொடங்கப்பட்டது. பெரிய ஆஜாத்பூர்ச் சந்தை அதற்கு அடுத்தாற்போல் இருக்கிறது. அந்த ரயில் நஷ்டத்துக்குப்பின் வந்தது. ஒரு குடத்தின் கழுத்து எவ்வளவு குறுகலென்று குடத்தைப் பார்த்தால் தெரியும். வர்த்தகத்தின் கழுத்தைப் பார்க்கப் படம் வேண்டும்.

முன்னோர் தொடங்கிய வேலை

இந்த யோசனை புதிதென்று யாரும் நினைக்க வேண்டாம். லின்லித்கோ தலைமையில் நடந்த விவசாய ராயல் கமிஷன் 1928-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே, சந்தைகளை ஒழுங்குபடுத்த வேண்டும், விளைபொருள் விற்பனையைப் பற்றிப் பூரணமாக விசாரிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. 1933-இல் சென்னை ராஜதானியில் வர்த்தகப் பயிர்ச் சந்தைச் சட்டம் நிறைவேறியது. அதன்கீழ்த் திருப்பூரில் பருத்திக்காக 1936-இல் ஒழுங்குமுறைச் சந்தை ஏற்பட்டது. 1935-இல் மத்திய சர்க்காரின் விவசாய விற்பனை ஆலோசகர் காரியாலயம் தோன்றியது. 1937-இல் தரம் பிரித்து முத்திரையிடும் சட்டம் வந்தது. அக்மார்க் என்று வழங்குவது அதுவே. அந்தக் காரியாலயத்தார் கோதுமை முதலாகத் திராட்சை, வாழை ஈறாக ஒவ்வொரு பொருளின் விற்பனையையும் தனித்தனியே ஆராய்ந்து அறிக்கைகள் வெளியிட்டனர். அந்நிய ஆட்சியில், காகிதமும் பென்சிலும் கொண்டு, இவ்வளவு நடந்தது.

பிற்காலத்தில் நல்ல முயற்சிகள் நடக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. 1999 நவம்பர் 14-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. நகரத்தைச் சுற்றியுள்ள கிராமத்தார் தம் காய்கறியைத் தாமே கொண்டுவந்து விற்க அது வெகுவாக உதவியிருக்கிறது. ஆனால் போச்சம்பள்ளித் தோப்பின் மாங்காயைச் சென்னைக்கோ, தேனி வாழையைக் கேரளத்துக்கோ குடியானவர் தலைச்சுமையாகக் கொண்டு போக முடியாது; அங்கே நெடுவழி வர்த்தகம் இன்றியமையாதது. 2000-ஆம் வருஷத்தில் அக்மார்க்நெட் என்ற ஏற்பாடு வந்து, சந்தை விலைகளை நாள்தோறும் வெளியிடுகிறது. 2016 ஏப்ரல் 14-இல் இ-நாம் என்ற தேசியச் சந்தை தொடங்கப்பட்டது. இவை சந்தையின் விலையைச் சொல்கின்றன, வழியைச் சொல்வதில்லை. இன்று இந்தச் சந்தையில் இத்தனை டன் வந்தது என்றறிவதால், அது எந்தத் தாலூகாவிலிருந்து வந்தது, எந்த ஊருக்குப் போயிற்று என்பது விளங்காது. புதுப் பழத்துக்கு சரக்கு சேவை வரி இல்லை. வரி இல்லாமையால் வரிக்கணக்கின் மூலமாக வரும் தடயமும் இல்லை. வரி வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. வேறு பொருள்களுக்கு வரியதிகாரி எழுதும் கணக்கைப் பழத்துக்குப் பொதுஜனங்களே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதையே சுட்டிக் காட்டுகிறோம்.

ஆக்ஷேபங்கள்

இதற்கு மூன்று ஆக்ஷேபங்கள் கூறப்படலாம்.

வியாபாரியின் ரகசியத்தை வெளியிடுவது தர்மமா என்பது முதலாவது. தனி மனிதருடைய பெயரும் கணக்கும் நமக்கு வேண்டியதில்லை. எந்தத் தாலூகாவிலிருந்து எந்தச் சந்தைக்கு எவ்வளவு, எந்த மாதத்தில், என்ன வாடகையில் என்ற மொத்தக் கணக்குப் போதும். மேலும் மண்டிக்காரரை ஒழித்துவிட வேண்டுமென்று கிளம்பியவர்கள் அல்லோம் நாம். பாங்கின் கதவு மூடியிருக்கும் இரவில் பணம் கொடுப்பவர் அவர். விற்காத சரக்குக்கு இடம் கொடுப்பவர் அவர். யோக்கியமாகத் தொழில் செய்யும் மண்டிக்காரருக்குப் படத்தால் கெடுதல் இல்லை. இருட்டில் எல்லோரும் ஒரே நிறமாகத் தோன்றுவதால்தான் யோக்கியருக்கும் கெட்ட பெயர் வருகிறது.

விலை தினமும் மாறுவதால் படம் எழுதி முடிப்பதற்குள் பழசாகிவிடும் என்பது இரண்டாவது. வெள்ளம் வரும், போகும். ஆற்றின் போக்கு நிலைத்திருக்கும். விலை நாளைக்கு ஒன்று. ஆனால் எந்த ஊர்க் காய் எந்த மண்டியை நம்பியிருக்கிறது என்பது வருஷக்கணக்கில் மாறாது. மாறும்போது அந்த மாறுதலே நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

படம் வெளியானால் பெரிய கம்பெனிகள் அதைக் கொண்டு சிறு வியாபாரியை நசுக்கிவிடும் என்பது மூன்றாவது. இது அலட்சியம் செய்யத் தக்கதன்று. ஆனால் பெரிய கம்பெனிகள் நமது படத்துக்காகக் காத்திருக்கவில்லை. செல்பேசியில் ஆர்டர் வாங்கி வீட்டு வாசலில் பழம் கொடுக்கும் ஸ்தாபனங்கள், எங்கே வாங்கினால் மலிவு, எந்தத் தெருவில் எந்தப் பழம் எந்த நாளில் விற்கும் என்பதைத் தமக்கென்று கணக்கிட்டு வைத்துக்கொண்டிருக்கின்றன. இன்று படமில்லாமல் நிற்பவர்கள் குடியானவரும், தள்ளுவண்டிக்காரரும், உண்பவருமே. ஒருவரிடம் மட்டும் விளக்கு இருக்கும் வீட்டில் விளக்கை அணைக்கச் சொல்வதால் பயனில்லை. மற்றவர்களுக்கும் விளக்கு வேண்டும்.

செய்ய வேண்டுவது யாது?

சர்க்கார் செய்யத் தக்கது சொற்பமே. கோயம்பேடு, மதுரை மாட்டுத்தாவணி, திருச்சி காந்தி மார்க்கெட் போன்ற பெரிய அங்காடிகளின் வாயிலில் ஒவ்வொரு லாரியும் புறப்பட்ட ஊரையும், சரக்கின் வகையையும் எடையையும் குறித்து, மாதத்துக்கு ஒருமுறை தாலூகாவாரியாகத் தமிழில் வெளியிட வேண்டும். பழுக்க வைக்கும் கிடங்குகளையும் குளிர்பதனக் கிடங்குகளையும் ஊர்வாரியாகப் பட்டியல் செய்ய வேண்டும். கூழ் ஆலைகளின் இருப்பு, பருவம் தொடங்குமுன் பகிரங்கமாக வேண்டும். பூவில் கொடுக்கும் முன்பணத்துக்கு ஈடாகக் கூட்டுறவு சங்கங்கள் கடன் கொடுக்க முன்வர வேண்டும். கடன் மாறினாலன்றி வழி மாறாது.

சர்க்காருக்கு மனு எழுதிவிட்டுக் காத்திருப்பது மட்டும் நமது ஊழியர்களுக்கு அழகன்று. அவர்களால் நாளைக்கே தொடங்கக் கூடிய வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு தாலூகாவிலும் இரண்டு பேர் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு, தோட்டத்திலிருந்து தொடங்கி, அது போகும் வழியெல்லாம் கூடவே போய் வரட்டும். தோட்டத்தில் கொடுத்த விலை என்ன? முன்பணம் யாருடையது? லாரி வாடகை எவ்வளவு? மண்டியில் கழித்தது எவ்வளவு? அழுகியது எவ்வளவு? கடைசியில் வீட்டுக்காரர் கொடுத்தது எவ்வளவு? இந்த ஆறு கேள்விகளுக்கும் விடை எழுதிக்கொண்டு திரும்பி வந்து, அந்த ஊர்க் கிராம சபையில் எல்லோரும் கேட்கும்படி படிக்கட்டும். ஒரு தாலூகாவின் விடை ஒரு கோடு. நூறு தாலூகாக்களின் விடை ஒரு படம். அதிகாரிகளின் மேஜையில் இருக்கும் படத்தைவிடக் குடியானவர் தாமே வரைந்த படத்துக்கு வலிமை அதிகம். ஏனெனில் அதிலுள்ள ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்குகிறது என்பது அவருக்குத் தெரியும்.

இவ்வேலையில் மேடை இல்லை, மாலை இல்லை, கோஷமும் இல்லை. இரவில் லாரியில் உட்கார்ந்து போக வேண்டும். அங்காடியின் சேற்றில் நின்று கணக்கெழுத வேண்டும். ஆயினும், பதினாறணாவில் ஐந்தணா பெறும் ஒருவருக்கு மற்றப் பதினோரணாவும் எங்கே போகிறதென்று காட்டிவிட்டால், ஆறாவது அணாவைக் கேட்பதற்கு அவருக்கு வேறொருவர் சொல்லிக் கொடுக்க வேண்டியிராது. அவரே கேட்பார், கணக்கோடு கேட்பார். கணக்கோடு கேட்பவருக்கு இல்லையென்று சொல்வது எந்த மண்டிக்கும், எந்தச் சர்க்காருக்கும் எளிதன்று.

அடுத்த மாம்பழப் பருவம் வருவதற்குள் ஒரு தாலூகாவிலாவது இந்த வேலை தொடங்கப்படுமானால், தேச சேவையில் அது ஒரு நல்ல ஆரம்பமென்று நாம் கருதுவோம்.